அரக்கு நிறக் காலண்டர்

இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையின் மூலையில் நீ வந்து நின்றாய். “நாளை அமாவாசை. தறியில ஆள் இருக்காது. போன் போட்டு யாரையும் நச்சரிக்காதீங்க.” ஆபீஸில் அத்தனை பேர் திரையிலும் அதே வரி. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பங்குனி வரை அமாவாசைகளை ஒவ்வொன்றாக ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதுவரை இப்படித்தான் மாதாமாதம் வந்து மிரட்டுவாய் என்று நினைத்திருந்தேன். அதற்கும் வழியில்லை. இன்று மாலை உன் ஈமெயில் கணக்கை மூடுகிறார்கள்.

எனக்கு வருகிற ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. உன்னிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த ஐப்பசி மழையை நீ மறந்திருக்க மாட்டாய். கல்யாணப் புடவை ஒன்றுக்குச் சென்னை ஆபீஸில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். இங்கே பிள்ளையார்பாளையத்தில் மூர்த்தி அண்ணன் வீட்டில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஆபீஸுக்கு வந்திருந்த அவரிடம் நம் மேனேஜர் சார் சென்னையிலிருந்து ஸ்பீக்கரில் பேசினார். நாம் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“மழை வெளியிலதானே பெய்யுது? தறி வீட்டுக்குள்ளதானே இருக்கு?”

“குழியில தண்ணி நிக்கிது சார். கால் வெச்சு மிதிக்க முடியல. பாவு நூலும் நமுத்துப் போயிருக்குது.”

“சும்மா சாக்கு சொல்லாதீங்க மூர்த்தி.”

நீதான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய், பின் என்ன நினைத்தாயோ, மறுபடியும் உட்கார்ந்தாய். அன்று மதியச் சாப்பாட்டை நீ தொடவே இல்லை. நம் மெயிலில் ஏற்கெனவே இருந்த காலண்டர் முழுக்க சாரின் மீட்டிங்குகள். அதற்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு காலண்டரை உருவாக்கி, ‘தறி’ என்று பெயர் வைத்து, அரக்கு நிறம் கொடுத்து, சென்னை ஆபீஸ் உட்பட எல்லோருக்கும் பகிர்ந்தாய். மழை நாள், அமாவாசை, தெருவில் பாவு போடும் நாள், நெசவாளர் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அதில் ஏறின. அமாவாசை தானாகத் திரும்ப வர ஒரு பட்டன் இல்லையென்று அந்த மென்பொருள் செய்தவனையும் திட்டினாய்.

“எனக்கு இருக்கிற காலண்டரே போதும்மா. திரையெல்லாம் கோலம் போட்ட மாதிரி இருக்கு” என்றார் சார். தன் திரையில் ‘தறி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டார். அந்த ஒரு டிக்கை எடுத்தால் ஊரே மறைந்துவிடும்.

காஞ்சிபுரம் வந்தால் அவருக்கு முதல் வேலை காமாட்சி தரிசனம். லேப்டாப்பைத் திறந்து போட்டுவிட்டுக் கிளம்புவார். அவர் வண்டி தெரு திரும்பியதும் நீ எழுவாய்.

“வேணாம்டி, மாட்டிக்குவ” என்பேன்.

“அவரு அம்மனைப் பாத்துட்டு வரட்டும். நாம அவருக்கு ஊரைக் காட்டுவோம். நீ இன்னா பாத்துக்கினு இருக்க? வாசல்ல போய் நில்லு.”

ஒவ்வொரு தடவையும் அவர் டிக்கை எடுப்பார், நீ வைப்பாய். குங்குமம் வைத்த நெற்றியோடு திரும்பி வந்து திரையைப் பார்த்து விழிப்பார். நாம் குனிந்துகொள்வோம்.

எல்லாம் சரி. திருத்தும் உரிமையை மட்டும் ஏண்டி ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை? எனக்குக்கூட? பார்க்கலாம், கை வைக்கக் கூடாது என்றாய். கேட்டதற்கு, “ஆளாளுக்குக் கை வெச்சா பாவு சிக்கிக்கும்” என்றாய். பெரிய வியாக்கியானம்.

ஒரு வாரம்கூட நீடிக்காத காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. சாவு விழுந்தால் தறியை நிறுத்தும் உங்கள் தெரு வழக்கப்படி அன்று ஒரு வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. மூர்த்தி அண்ணன் உன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன்னை இன்னும் எடுக்கக்கூட இல்லை. என் போன் அடித்தது. சென்னையிலிருந்து சார். செய்தி கேட்டுத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

“மூர்த்தி ஏன் போனை எடுக்க மாட்டேங்கிறாரு? அந்தக் காலண்டர்ல இன்னைக்கு ஒண்ணும் போடலையே?”

வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான் அந்த மனிதர் அதை மதித்துப் பார்த்திருக்கிறார். அதுவும் நீ கடைசியாக வைத்துவிட்டு வந்த டிக்கினால். என்ன எழுதியிருப்போம் அதில்? யார் எழுதுவது? உன் சாவை எழுதும் உரிமையும் உன்னிடம் மட்டும்தானே இருந்தது. நான் சொன்னேன், “போடுறவ செத்துட்டா சார்.” அவர் சொன்ன வருத்தம் என் காதில் ஏறவில்லை.

இந்த வாரம் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து உன் கணக்கை மூடுவதாகவும் அதோடு ‘தறி’யும் அழிந்துவிடும் என்றும் சொன்னபோது, காலண்டரையாவது என் பெயருக்கு மாற்றுங்கள் என்றேன். சார் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். “மெயின் காலண்டர் இருக்கேம்மா” என்றார் அவர். ஆகவே என் பெயரில் புதிதாக ஒரு ‘தறி’ காலண்டரைத் தொடங்கி, உன்னுடையதிலிருந்து ஒவ்வொன்றாக நானே பார்த்துப் பார்த்து எழுதினேன். “கருட சேவை. பஸ் வராது, வண்டி வராது, புடவையும் வராது.” “மூர்த்தி அண்ணன் பொண்ணுக்குக் காதுகுத்து. வாழ்த்து மட்டும் சொல்லுங்க.” உன் வார்த்தையில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே உன்னை அறையவேண்டும் போலவும் இருந்தது.

முடித்தபின், தாண்டிப்போன அந்த நாளைத் தேடிப் போனேன். வெறுமையாக இருந்தது. “தெருவில சாவு. தறியில ஆள் இல்லை. கேட்காதீங்க” என்று எழுதினேன். இனி யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் அது அங்கே இருக்கவேண்டும்.

அதே அரக்கு நிறம்தான். திருத்தும் உரிமையை மட்டும் ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். பாவு சிக்கினால் சிக்கட்டும், உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம். நாளை எனக்கு ஒன்று ஆனால் எழுத ஒரு கை வேண்டும்.

என் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். அதுவும் உன்னுடையதுதான், அன்றைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாயே, அது.

சார் இப்போதுதான் வந்தார். பையை வைத்தார், லேப்டாப்பைத் திறந்தார், காமாட்சியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வண்டி தெரு திரும்புகிற சத்தம் கேட்கிறது. வாசலில் நிற்க ஆளில்லை. பரவாயில்லை, நான் எழுந்துவிட்டேன்.