குடிக்கவில்லை என்று அவன் சொன்னான்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஹெப்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். தேவ கிருபையால் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வடகிழக்கில், நீ படிக்கிற திமாப்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீ உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ அதையே திருப்பிச் சொல்கிறாய். மனசு கஷ்டமாக இருக்கிறது என்றால், உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குதுப்பா என்கிறாய். கவுன்சலிங் படிப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்களாம். பெற்ற தகப்பனிடம் அதைப் பழகிப் பார்க்க வேண்டாம். கடிதத்தையாவது கடைசி வரை படிப்பாய்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் அம்மாவும் வாலாஜாபேட்டை போய் உன் தம்பி ஜெஸ்டனைப் பார்த்தோம். அந்த மறுவாழ்வு இல்லத்தின் பெயரைக் கொடுத்ததோடு உன் வேலை முடிந்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை பேசு என்றதற்கு, சொந்தக் குடும்ப விஷயத்தில் கவுன்சலர் தலையிடக் கூடாது, அது ரூல் என்றாய். ஊரார் பிள்ளைகளை எல்லாம் கரையேற்றப் படிக்கிறவள் தம்பிக்காக ஒரு போன் செய்தால் எந்த ரூல் கெட்டுவிடும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சேர்க்கிற அன்று எனக்குத் தேர்வு மேற்பார்வை. லீவு கேட்டதற்கு எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வேறு என்ன சொல்வார்? அதனால் அம்மாவும் உன் மாமா நத்தானியேலும்தான் அவனை அழைத்துப்போனார்கள். டிப்ளமோவைப் பாதியில் விட்ட பையனை என்னைக் கேட்காமல் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்ஷனில் கொண்டுபோய் உட்கார வைத்த அதே நத்தானியேல்தான். எல்லாம் அங்கே தொடங்கியது. நாள் முழுக்கப் பசை பூசுகிற பையன், மிச்சச் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி மூக்கில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது உனக்குத் தெரியும்.

இல்லத்தில் வஹீதா என்று ஒரு பெண் எங்களை உட்கார வைத்துப் பேசினாள். வாணியம்பாடிக்காரி, உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே பயிற்சியில் இருப்பவள். ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் அவனைக் கேட்காதீர்கள் சார் என்றாள். நன்றாக இருக்கிறான், வாராவாரம் மூச்சும் சிறுநீரும் சோதிக்கிறோம், சுத்தமாக இருக்கிறான் என்றாள். கல்லீரல் கெடுவதைப் படம் போட்டு விளக்கும் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறானாம். கல்லீரல் எங்கே இதில் வந்தது என்று எனக்குள் உறுத்தியது. அதற்குள் அம்மா பையனைப் பார்க்க எழுந்துவிட்டாள். பின்பக்கம் ஒரு கொட்டகை. கை சும்மா இருந்தால் மனம் அலையும் என்று உள்ளே இருப்பவர்களுக்கு அங்கே வேலை கொடுக்கிறார்கள். என்ன வேலை தெரியுமா? ஷூ அப்பருக்கு, அந்த மேல்தோலுக்கு, உள்ளே லைனிங் ஒட்டுகிற வேலை. ஜெஸ்டன் சொல்யூஷன் டப்பாவை மடியருகே வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் பூசிக்கொண்டிருந்தான். கன்னம் தேறியிருந்தது. அம்மா அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். எனக்கு வாசலிலேயே அந்த வாசனை ஏறிவிட்டது. அவன் சட்டைகளில் நான் முகர்ந்த அதே வாசனை. இங்க நல்லா இருக்குதுப்பா, இப்ப கூட்டிட்டுப் போவாதீங்க என்றான். கண்ணைப் பார்த்ததும், இங்கேயும் முகர்கிறான் என்று புரிந்துவிட்டது.

வஹீதாவைக் கூப்பிட்டு, இவனை எதற்காகச் சேர்த்தோம் என்று உங்களுக்குத் தெரியுமா என்றேன். குடிதானே சார் என்றாள். அம்மா தலை குனிந்துகொண்டாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சேர்க்கப் போகிற வழியில் நத்தானியேல் சொல்லிக் கொடுத்திருக்கிறான்: “குடின்னே சொல்லிடுக்கா. குடிக்காதவன் எவன் கீறான்? சொல்யூஷன்னு சொன்னா நாளைக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்.” அம்மா ஜெஸ்டனையும் வாயைத் திறக்காதே என்று அடக்கியிருக்கிறாள். அவனும் சொல்யூஷன் என்று சொல்லவில்லை. ஆனால் நான் குடிப்பதில்லை என்று கேட்டபோதெல்லாம் சொல்லியிருக்கிறான். குடிப்பவர்கள் எல்லாரும் முதலில் மறுக்கத்தான் செய்வார்கள் என்பது உங்கள் பயிற்சியின் முதல் பாடமாமே. அதனால் எத்தனைக்கெத்தனை இல்லை என்றானோ அத்தனைக்கத்தனை நோய் ஜாஸ்தி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் அவன் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, டப்பாவை இறுக்கி மூடிவிட்டு என்னிடம் வந்தாள். “சார், மொத நாளே அவர் குடிக்கலன்னு சொன்னாரு. நான்தான் நம்பல” என்றாள். சாக்குப்போக்குச் சொல்லவில்லை. அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. உன்னைத் திட்ட முடிகிறது. நீ ஒரு போன் செய்திருந்தால் இது நடந்திருக்காது.

இல்லத்து நிர்வாகியோ, கம்பெனி கொடுக்கிற வேலை, அதில்தான் அடுப்பு எரிகிறது, ஒருத்தருக்காகக் கொட்டகையை மூட முடியாது என்கிறார். இப்போது அவனைச் சமையலறையில் காய் நறுக்க வைத்திருக்கிறார்கள். தூங்குவதில்லையாம், எரிந்து எரிந்து விழுகிறானாம். போன மாதமெல்லாம் கணக்கில் வராது சார், இப்பதான் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம் என்று வஹீதா போனில் சொன்னாள். காற்று அடித்தால் கொட்டகை வாசனை சமையலறைக்கும் வருகிறதாம். சரி, வீட்டுக்கு அழைத்து வரலாம் என்றால், நம் ஜன்னலுக்கு நேரே அமிர்தவள்ளி வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பீஸ் வேலைக்கு அப்பர் ஒட்டுகிறார்கள். இந்த ஊரில் எந்தத் தெருவில் ஒட்டவில்லை சொல். அவர்கள் பிழைப்பை நான் நிறுத்தச் சொல்ல முடியாது. அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. நத்தானியேல் வீட்டுப் பக்கம் நான் போவதாக இல்லை.

நேற்று மறுபடியும் இல்லத்துக்குப் போயிருந்தேன், தனியாக. ஜெஸ்டன் வெகுநேரம் காய் நறுக்குவதிலேயே இருந்தான். கிளம்பும்போது கேட் வரை கூடவே வந்து, “அக்கா ஊர்ல ஷூ கம்பெனி எதனா கீதாப்பா?” என்று கேட்டான். தெரியலடா, கேட்டுச் சொல்றேன் என்றேன். அதனால்தான் எழுதுகிறேன், அந்த வாசனை அங்கே இல்லையென்றால் அவன் உன்னோடு இருக்கட்டும். அங்கே கவுன்சலிங் செய்ய உன்னோடு படிப்பவர்களோ உனக்குச் சொல்லிக் கொடுப்பவர்களோ வேறு யாராவது இருப்பார்கள், அவர்கள் செய்யட்டும். உன் ரூலை நீ வைத்துக்கொள். நீ அவனுக்கு அக்காவாக இருந்து சோறு போடு, அவன் ஒன்றைச் சொன்னால் நம்பு, அது போதும். நானே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். எனக்காக உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை, இதுவும் எனக்காக இல்லை.

அம்மா உனக்கு முத்தங்கள் சொல்லச் சொன்னாள். காது மூடாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அவன் கேட்டதற்குப் பதிலை எனக்கு எழுதாதே. இல்லத்து முகவரிக்கு, அவன் பெயருக்கே எழுது. வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆபேல்