பாப்பா எந்த நாடு?

அன்புள்ள உங்களுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அங்கே ஊரில் உங்கள் இருமல் விட்டதா?

இன்று பேருந்தில் வெளிநாட்டவரின் அடையாள அட்டைச் சோதனை. என் அட்டையைப் பார்த்த தமிழ்ப் போலீஸ்காரர், "பாப்பாவோடது எங்கம்மா?" என்றார்.

"இங்கதான் பிறந்தா சார்."

"பிறந்தா போதுமா? இவ எந்த நாடு?"

பாப்பா அவர் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். அவர் சிரித்து, "இந்த ஒரு தடவை விடறேன்" என்று இறங்கிவிட்டார்.

இங்கே பிறந்தாலே இந்நாட்டுப் பிள்ளை என்று நாம் இருந்துவிட்டோமே. நாடு என்றால் நிலம், மக்கள், அரசாங்கம், இறையாண்மை என்று கல்லூரியில் ஒப்பித்தேன். எந்த நாட்டு மக்களிலும் சேராதவளை எங்கே திருப்பி அனுப்புவார்கள்? மாடிப்படியில் காலடி கேட்டாலே விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் கையெழுத்தும் நம் திருமணச் சான்றும் வந்தால்தான் இங்குள்ள நம் நாட்டுத் தூதரகம் இவளை நம் குடிமகளாகப் பதியுமாம். கூடவே உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், இவளுக்குப் போர்த்த. சீக்கிரம் பதில் போடுங்கள்.