மாதலை ஸ்டாண்டில் ஏற்றிய ஆகஸ்ட்

12 ஆகஸ்ட் 1957, திங்கள்
காலையிலிருந்து மழை. கிடங்கில் ரப்பர் ஷீட்டெல்லாம் ஈரம். துரைக்குச் சிடுசிடுப்பு, அதனால் கணக்கெழுதும் கிராணி எனக்கும்.

மெர்டேக்கா சுதந்திரக் கச்சேரிக்குப் பத்தொன்பது நாள். ஆர்மோனியம் நான். பிடில், பக்கத்துக் கிராமம் செட்டி கம்பத்துத் தேவராஜா. மேளத்துக்கு ஆள் கிடைக்காமல் கிடங்குக் காவலுக்கு நிற்கும் ஜாகா தில்பகதூரைப் பிடித்திருக்கிறேன். கூர்க்கா பட்டாளத்தில் இருந்தவன். ஆறு வருஷத்தில் நம் தமிழ் பேசப் பழகிவிட்டான். அவனுடைய நேப்பாள மேளத்துக்குப் பெயர் மாதல். நம் மத்தளத்துக்குத் தம்பி. இரண்டு பக்கமும் தோல், நடுவில் கறுப்புப் பசை.

தரையில் சப்பணமிட்டு, மடியில் குறுக்கே போட்டு, கயிற்றைத் தொடையில் மாட்டி, கண்ணை மூடி வாசிக்கிறான். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி. பாட்டு இழுத்தால் இழுக்கிறான், ஓடினால் ஓடுகிறான். சுருதி என் ஆர்மோனியத்தோடு சேரவில்லை.

போட்டிக்கு நிற்கும் புக்கிட் பாரு பார்ட்டி பொங்கோ மேளம் கொண்டுவருகிறதாம். வயிறு எரிகிறது.

15, வியாழன்
மாதலுக்குத் தச்சர் ஸ்டாண்டு செய்து கொடுத்துவிட்டார். இனி பொங்கோ மாதிரி நின்றுகொண்டு, விரல் நுனியால், சா-சா-சா ஆட்டத் தாளம். கூடாமல் குறையாமல் ஒரே வேகம். தில்பகதூருக்கு (இனி தி.ப.) திணறல்.

"நின்னா வராது, கிராணி சாப். மாதல் மடியிலதான் பேசும்."

"உன் மடியக் கேக்க யாரும் வரல."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அதுதான் எரிச்சல்.

தேவராஜா வீட்டில் தலைமுறையாக மலாய்தான், தமிழ் அவ்வளவாக வராது. "பியார்லா டியா டூடோக்" என்றார் மலாயில். உட்கார்ந்தே வாசிக்கட்டுமாம். பெரிய நியாயஸ்தர்.

17, சனி
தி.ப. சாப்பிடப் போன நேரம், பேனாக்கத்தியால் வலப்பக்கத்துப் பசையைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட சுருதி ஏறியது. இப்போது இரண்டு கட்டைக்குக் கச்சிதம்.

வந்தான். விரலால் தடவிப் பார்த்தான். கத்தவில்லை.

"அம்மா அரைச்சுப் போட்டது. சோறு, இரும்புத்தூள். பரவால்ல சாப். ஊருக்குப் போனா புதுசு போட்டுக் குடுக்கும்."

என்னை அடித்திருந்தாலும் தேவலை. மண்ணு மாதிரி நிற்கிறான்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், வீட்டுக்காரி கமலத்துக்குத் தைலம், எனக்கு வெள்ளைக் காலுறை.

20, செவ்வாய்
தந்தி. தி.ப. பெயருக்கு, டார்ஜிலிங்கில் இருக்கும் மாமனிடமிருந்து. ஆங்கிலம். அவனுக்கு வருவதையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வது, பதிலும் நான்தான் எழுதுவது.

அம்மா நேற்று இறந்துவிட்டாள். காரியத்தை அங்கேயே செய்.

தெரிந்தால் தீட்டு என்று மாதலைத் தொடமாட்டான். கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு ஏதாச்சும் வந்துச்சா, சாப்?"

"இல்ல."

வீட்டில் கோட்டை மாட்டும்போது கமலம் தந்தியைப் பார்த்துவிட்டாள். சொல்லவேண்டியதாயிற்று.

"ஐயையோ, பெத்தவ செத்துருக்கா. ஒடனே போய்ச் சொல்லிருங்க."

"கருமாதி பதினாறாம் நாள். கச்சேரி பதிமூணாம் நாள். மறுநாள் சொன்னா சாவகாசமா செஞ்சுக்குவான்."

"ஒங்க அம்மாவா இருந்தா?"

சோறு போடு என்றேன். சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

24, சனி
வெயில். தி.ப. தாளத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டான். விரல் பறக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரியாது.

"அம்மா பதிலே போடல, சாப்."

"மழை. தபால் தாமதம்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் வெட்கம்.

சாயங்காலம் கிடங்குப் பின்னால் மாதல் சத்தம். உட்கார்ந்து, பழையபடி, ஏதோ அவன் ஊர்ப் பாட்டு. லாரிக்காரர்கள் மூட்டையை இறக்காமல் நின்று கேட்கிறார்கள். நானும் நின்றேன். என் ஆர்மோனியத்துக்கு ஒருநாளும் யாரும் இப்படி நின்றதில்லை. பொறாமைதான், மறைப்பானேன். கிட்டப் போய் மாதலைப் பிடுங்கி ஸ்டாண்டில் வைத்தேன்.

"இனிமே உக்காந்து வாசிச்ச, ஜாகா வேலையும் கிடையாது."

எழுந்து நின்றான்.

31, சனி
மெர்டேக்கா! தெருவெல்லாம் கொடி. காஜா பெராங் ஊர் முழுக்க மேடை முன்னால்தான். பொங்கோ மண்ணைக் கவ்வியது. தி.ப. நின்று, சிரித்துக்கொண்டே, சா-சா-சா. ஒன்ஸ்மோர் இரண்டு தடவை. எனக்குப் போட்ட மாலையை அவன் கழுத்தில் போட்டேன். பெரிய மனசு என்றார்கள்.

கமலம் வரவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு
நல்ல வெயில். தந்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் அவனே வீட்டுக்கு வந்துவிட்டான், மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு. எப்படி ஆரம்பிப்பது? பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஒங்க பக்கம் காரியம் பதினாறுதானே?"

"பதிமூணு, சாப். மகன் மொட்டை போட்டு, உப்பில்லாம தனியா உக்காந்து, பதிமூணுக்குள்ள முடிக்கணும்."

"தாண்டிட்டா?"

"ஒரே மகன் நான். நான் செய்யலைன்னா, அம்மா பிள்ளை இல்லாம செத்த மாதிரி." சிரித்தான். "ஏன் சாப்?"

"சும்மா கேட்டேன்."

கமலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் வாயையே பார்த்தாள். கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். தந்தி விரலில் பட்டது. பேனாவை எடுத்தேன்.

"அம்மாவுக்கு எழுதுங்க, சாப். நின்னு வாசிச்சேன், மாலை போட்டாங்கன்னு. மொதல்ல சுகமான்னு கேளுங்க."

சுகமா என்று கேட்டு எழுதினேன்.