இரண்டு கம்பெனிக்கு நடுவில் முப்பது அடி

செப்டம்பர் 24, புதன்

புழுக்கம். மாலையில் மழை வரும் போல இருந்தது, வரவில்லை. கொலு மூன்றாம் நாள். இரண்டாம் படியில் சரிகைத் துணி கோணல். பிரித்து மறுபடி விரித்தேன். மாத்திரை போட்டாயிற்று. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஏகாம்பரம் மூன்றாவது முறையாக வந்தான். முன்பு எங்கள் டிராக்டர் ஓட்டியவன், இப்போது நில ஏஜெண்ட். தலை குழம்பாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

கிழக்கே கொரியாக்காரர் தொழிற்சாலை. மேற்கே சீனாக்காரர் தொழிற்சாலை. நடுவில் என் முப்பது அடி வழி, வடக்குப்பட்டிலிருந்து நேரே ஒரகடம் சாலைக்கு. நிலமெல்லாம் அரசாங்கம் எடுத்தது போக மிச்சம். பட்டா என் பெயரில். இரண்டு பேருடைய லாரிகளும் இப்போது வெகுதூரம் சுற்றிப் போகின்றன. இரண்டு பேருக்கும் வழி வேண்டும், தனக்கு மட்டும். இனி சுருக்கமாக கி., மே.

கி. கொடுத்த ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தேன். பதினான்காவது விதி: கேட் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். மே. தாளில் அதே விஷயம் ஒன்பதாவது விதி. ஆங்கிலம் இரண்டிலும் சுமார்.

கேட் வந்தால் தேவகி எப்படிப் போவாள்? பக்கத்து வீட்டுப் பெண். செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அவளும் ஊர்ப் பெண்கள் இன்னும் பல பேரும் விடிவதற்கு முன் இந்த வழியாகத்தான் கம்பெனி பஸ் பிடிக்கிறார்கள். இது இல்லையென்றால் கன்டெய்னர் லாரி போகிற பெரிய சாலை ஓரம், இருட்டில். முடியாது. கையெழுத்துப் போட மாட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கடலைப்பருப்பு சுண்டல். உப்பு ஒரு சிட்டிகை கூட.

கி. மேனேஜரின் மனைவி கொலு பார்க்க வந்தாள். ஏகாம்பரம் அழைத்து வந்தான், ஆபீஸ் பெண் ஒருத்தி மொழிபெயர்க்க. மேனேஜர் மனைவி நல்ல பெண். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, அதன் முனையை வாசல் பக்கம் திருப்பி ஜோடியாக வைத்தாள். என் மருமகளுக்கு அது வராது. ஒரு தட்டு நிறையப் பேரிக்காய் கொண்டுவந்தாள். நானும் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தேன். என் கணவர் போனபின் நான் தாம்பூலம் கொடுக்கக் கூடாது என்று ஓரகத்தி சொல்லி ஆறு வருஷம். ஆறு வருஷமும் கொடுக்கிறேன்.

ஏகாம்பரம் போட்டோ எடுத்தான். எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

கோபம். எழுத்து சரியில்லை.

வழியின் சாலை முனையில், கேட் வைக்க, இரண்டு இரும்புக் கம்பம். நேற்று பொழுது சாய்ந்த பிறகு கி.க்காக ஏகாம்பரம் நட்டிருக்கிறான். நடுவே சங்கிலி, சிமென்ட் காயும் வரை யாரும் போகாமலிருக்க ஒரு வாட்ச்மேன். தேவகியைத் திருப்பி அனுப்பிவிட்டான். பெரிய சாலை சுற்றி ஓடினாளாம், பஸ் போய்விட்டது. ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். இன்னொன்று விழுந்தால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களாம். எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து அழாமல் சொன்னாள்: "நீங்க வித்துட்டீங்கன்னு வாட்ச்மேன் சொல்றான் பெரிம்மா. நான் நம்பல. ஆனா கம்பம் நிக்கிதே."

அந்தக் கடைசி வார்த்தை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா பெரிம்மா இப்டி கேக்கறீங்க? அவங்க தட்டு குட்த்தாங்க, நீங்க தட்டு குட்த்தீங்க. தட்டு மாத்திகினு இப்ப இல்லன்னா எப்டி? போட்டோ கொரியா வரைக்கும் போயாச்சு."

கல்யாணத்துக்குத்தானே தட்டு மாற்றுவார்கள், எனக்கும் கொரியாக்காரனுக்கும் என்ன கல்யாணம் என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். நம் ஊரில் நிலம் பேசி முடித்தாலும் வெற்றிலை பாக்குத்தான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவன் அதைத்தான் அவர்களிடம் சொல்லி நம்ப வைத்திருக்கிறான். பாதி நிஜமாகவே நம்பியும் இருக்கிறான். என் தவறும் உண்டு. கம்பெனிக்காரன் வீட்டுத் தட்டை ஏகாம்பரம் எதிரில் வாங்கியிருக்கக் கூடாது.

மத்தியானம் மே. மேனேஜர். கூட மொழிபெயர்ப்பாளர், திருவள்ளூர்ப் பையன். தேயிலை டப்பா. ஊருக்குச் சமுதாயக்கூடம் கட்டித் தருகிறார்களாம், என் கணவர் பெயரில். வழியை மட்டும் கி.க்குக் கொடுத்துவிடக் கூடாது. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு தட்டு வாங்கியது போதும்.

காலைப் பேப்பரில் எங்கோ ஒரு தீவைப் பற்றிக் கட்டுரை. கப்பல் போகிற பாதையில் இருக்கிறதாம். ஒரு நாடு துறைமுகம் கட்டித் தருகிறது, இன்னொரு நாடு ஆஸ்பத்திரி. தீவுக்காரர்கள் என்ன கேட்டார்கள் என்று கட்டுரை முழுதும் தேடினேன். இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை. முழங்கால் வலி.

மகன் முரளி போனில். விற்றுவிட்டு சென்னைக்கு வந்துவிடு என்றான். வைத்துவிட்டேன்.

ஒன்று புரிகிறது. இவர்களுக்கு வழி வேண்டும் என்பதைவிட மற்றவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதுதான் பெரிது. அதுதான் என் கையில் இருப்பது.

நானே எழுதினேன், நல்ல தாளில், ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் மதர் அகதா எப்போதும் சொல்வது: வாக்கியம் நீளமானால் பொய் ஒளிந்துகொள்ளும். ஆகவே சின்னச் சின்ன வாக்கியம்.

வழி என்னுடையது. இரண்டு கம்பெனி லாரியும் போகலாம். கேட், சங்கிலி, பூட்டு கிடையாது. ஷிப்ட் மாறும் நேரங்களில் லாரி நிற்கும், பெண்கள் நடப்பார்கள். விளக்கு கி. போட வேண்டும், தளம் மே. போட வேண்டும். ஒருவர் மீறினால் மற்றவருக்கே முழு வழியும்.

கடைசி வாக்கியம் எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

வக்கீல் படித்துவிட்டு ஒரு காற்புள்ளிகூட மாற்றவில்லை. வாடகை அவர் பேசட்டும்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

வெயில். கம்பெனிகள் லீவு. இரண்டு மேனேஜரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன், ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல். கொலுவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வக்கீலும் ஏகாம்பரமும் ஓரமாக. காபி. யாரும் குடிக்கவில்லை.

தாளை நானே நிதானமாகப் படித்தேன்.

கி.: ஏற்கெனவே தட்டு மாற்றியாகிவிட்டதே.

"உங்கள் மனைவி கொலுவுக்கு வந்தார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அந்தத் தட்டு அதற்கு." ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு ஏகாம்பரத்துக்காகத் தமிழில் ஒரு முறை.

மே.: கிழக்கும் போகுமானால் எங்களுக்கு வேண்டாம்.

சரி என்று சொல்லி, மேஜை நடுவிலிருந்த தாளை கி. பக்கம் ஒரு சாண் நகர்த்தினேன். அவ்வளவுதான். மே. எழுந்து முற்றத்தில் நின்று போனில் பேசினார். நெடுநேரம். நான் காபியைத் திரும்பச் சுட வைத்தேன்.

வந்தார். பேனா கேட்டார். அவர் கேட்டதும் கி.யும் பேனாவை எடுத்தார். இரண்டு கையெழுத்தும் வாங்கி, வக்கீல் சாட்சி போட்டார். திங்கட்கிழமை பதிவு.

அதன் பிறகுதான் தட்டு. இரண்டு தட்டு, ஒரே அளவு வெற்றிலை. எண்ணி வைத்தேன். அவர்களும் எண்ணினார்கள், பார்த்தேன்.

ஏகாம்பரத்திடம், விடிவதற்குள் கம்பத்தைப் பிடுங்க வேண்டும், நட்டவன்தான் பிடுங்க வேண்டும் என்றேன். அதையும் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நாலரைக்கு எழுந்தேன். பனி மாதிரி ஈரம். டார்ச், குடை, மடக்கு நாற்காலி. வழி முனைக்குப் போய் உட்கார்ந்தேன். கம்பம் இல்லை. குழிகள் மூடியிருந்தன. ஏகாம்பரம் தூக்கக் கண்ணோடு மண்வெட்டியுடன் நின்றான்.

ஐந்தேகாலுக்குப் பெண்கள். தேவகி முன்னால், டிபன் பையோடு. என் டார்ச்சைப் பார்த்து நின்றாள்.

"இன்னா பெரிம்மா, புது வாட்ச்மேனா?"

"நேரமாகிறது. நட."

போனார்கள். பஸ் வந்த சத்தம், கதவு மூடிய சத்தம்.

இடது பக்கக் குழியில் குடைக் காம்பை ஊன்றிப் பார்த்தேன். அரைச் சாண் இறங்கியது. ஏகாம்பரத்திடம் மறுபடி தோண்டி மண்ணைக் கெட்டியாக இடிக்கச் சொன்னேன்.