நூற்று நாற்பத்தொன்றாவது பெயர்

மார்ச் 4, செவ்வாய்

இடது பக்கப் பல் வலிக்கிறது. காலையிலிருந்து கஞ்சிதான்.

படைவீரர் குடும்பச் சங்கத்தார் இன்று முழுப்பக்க விளம்பரம் கொண்டுவந்தார்கள். மேலே பெரிய எழுத்தில்: ‘எங்கள் ஆட்கள் எங்கே? பிடிபட்டவர்களின் பட்டியலை வெளியிடுங்கள். போரை நிறுத்துங்கள்.’ கீழே பொடி எழுத்தில் இருநூற்றுப் பதின்மூன்று பெயர்கள். வெள்ளிக்கிழமை இதழில் வர வேண்டுமாம்.

பெயர் போட்டு விளம்பரம் வந்தால் எங்கள் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, கையெழுத்து அவருடையதுதானா என்று கேட்டு, தாளில் டிக் அடிக்க வேண்டும். எட்டு வருடமாக அது என் வேலை. உயிரோடிருந்த மாமனாருக்கு இரங்கல் விளம்பரம் கொடுக்க வந்த ஒரு மருமகனை இப்படித்தான் பிடித்தேன். மாமனாரே போனை எடுத்தார்!

போர்முனைக்குப் போன அண்ணனிடமிருந்து கடிதம் வந்து பதினோரு வாரம்.

மார்ச் 6, வியாழன்

மாலை ஐந்தரை. ஆறு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். மற்ற எல்லோரையும் கூப்பிட்டு முடித்தாயிற்று. பாக்கி என் தாளில் நூற்று நாற்பத்தொன்றாவது வரி மட்டும்: அண்ணியின் பெயர். எங்கள் வீட்டு முகவரி, எங்கள் வீட்டு போன் எண்.

அண்ணி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே! ரிசீவரைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எங்கள் வீட்டில் போன் அடித்தால் அம்மாதான் எடுப்பாள். அம்மாவிடம் என்னவென்று கேட்பது? ‘உன் மருமகள் உனக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டாளா’ என்றா? நம் வீட்டு ஆள்தானே, சாயங்காலம் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று டிக் அடித்தேன்.

வீட்டில் அம்மா அண்ணியை விட்டு நகரவேயில்லை. கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஊரே பற்றிக்கொண்டது. போர் நேரத்தில் இப்படி விளம்பரம் போடுவது துரோகம் என்று வாசலில் ஐம்பது பேர் எங்கள் பத்திரிகையைக் கொளுத்தினார்கள். வரவேற்பறைக் கண்ணாடி உடைந்தது. ஒரு பெண்மணி போனில், ‘காசு குடுத்தா எதிரியோட விளம்பரத்தையும் போடுவீங்களா?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். அடுத்த அழைப்பில் ஒருவர் அழுதார். அவருடைய மகனும் காணவில்லையாம். தன் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார்.

வீட்டில் அம்மா அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து, விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்திருக்கிறாள். நான் போனபோது எதுவும் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின. கரண்டி விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணி தலைகுனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 8, சனி

அமைச்சர் பேட்டி: ‘அதில் பாதிப் பெயர்கள் போலி.’

டிக் தாளை எடுத்து நூற்று நாற்பத்தொன்றாவது வரியை மறுபடி பார்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

நிர்வாகம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அமர்த்தியிருக்கிறது. என் டிக் தாளை வாங்கிக்கொண்டு, இருநூற்றுப் பதின்மூன்று பேரையும் வரிசைப்படி அவரே மறுபடி கூப்பிடுவார். அதுவரை கையெழுத்திட்ட யாரோடும் நாங்கள் இதைப்பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவு. அவர்களில் ஒருத்தியோடு நான் ஒரே குளியலறையைப் பங்குபோட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

அறுபத்திரண்டு வரை முடித்துவிட்டாராம். எல்லாம் சரி.

அண்ணி போட்டிருக்க மாட்டாளா? போட்டிருப்பாள். அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? சங்கத்தில் வேறு யாராவது உறவுக்காரர் நல்லது என்று நினைத்து அவள் பெயரை எழுதியிருந்தால்? அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். உத்தரவுக்குப் பயந்துதான் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பொய். தெரிந்துவிடுமே என்றுதான் பயம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

மார்ச் 12, புதன்

இன்று நூற்றுப் பதினெட்டு வரை. நாளை எங்கள் வீடு.

தாங்க முடியவில்லை. எங்கள் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எதையும் முடித்துச் சொல்லாதவர் என்பதால் அவருக்கு ‘அரைப்புள்ளி’ என்று பெயர். இன்று முடித்துச் சொன்னார்: ‘அந்த ஒரு பேர் பொய்னு ஆச்சுன்னா, மத்த இருநூத்திப் பன்னெண்டு பேரையும் யாரும் நம்ப மாட்டாங்கம்மா.’

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வேலை போவதைப் பற்றி மட்டும்தான் இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். அண்ணனுக்காகவும் அவனைப் போன்றவர்களுக்காகவும் கேட்ட ஒரே கேள்வி, என் ஒரு டிக்கால் செல்லாமல் போகும் என்று தோன்றவேயில்லை. சீ, நான் என்ன மனுஷி!

நாளை நீதிபதி கூப்பிடும்போது நானும் அதே அறையில் இருக்க வேண்டும் என்றார்.

மார்ச் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பகல் பன்னிரண்டேகால் மணி. நீதிபதி எங்கள் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார். வாய் திறக்கக் கூடாது என்று எனக்குச் சைகை காட்டினார். நான்காவது மணியில் அம்மா எடுத்தாள். அவர் அண்ணியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

‘நான் அவ மாமியார். என்ன விஷயம்?’

‘பத்திரிகை விளம்பரத்துல அவங்க பேர் இருக்குங்கம்மா. அவங்களே கையெழுத்துப் போட்டாங்களான்னு கேக்கணும்.’

அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

‘இதைக் கேக்க இத்தனை நாளா உங்களுக்கு?’ என்றாள் அம்மா. பிறகு உள்பக்கம் திரும்பி ஒரு கூப்பாடு: ‘அம்மாடி, இங்க வா. பத்திரிகை ஆபீஸ். போட்டியா இல்லையான்னு சத்தமா சொல்லு. யாருக்கும் பயப்படாத.’

அண்ணி வந்தாள். ‘நான்தான் சார் போட்டேன். கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு சங்கத்துல சொன்னாங்க. போன வாரம் பூரா போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். யாருமே கூப்பிடல.’

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்படியே அந்தத் தரையில் படுத்துவிடலாம் போல அத்தனை நிம்மதி.

வைக்கப் போனவரை அம்மா விடவில்லை. ‘ஒரு நிமிஷம் இருங்க. அவன் என் பிள்ளை. பத்து மாசம் சுமந்தவ நான். என்கிட்ட ஏன் ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கல?’

‘அதை நீங்க சங்கத்துலதான் கேக்கணும்மா’ என்றார் பாவம் அவர்.

ஆக, கரண்டி விழுந்ததற்குக் காரணம் அதுதான். வெள்ளிக்கிழமையே அம்மா அண்ணியின் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறாள். போட்டதற்கு அல்ல, தன்னை விட்டுவிட்டுப் போட்டதற்குக் கோபம். அண்ணியோ, மாமியார் மனசு உடைந்துவிடும் என்று மறைத்திருக்கிறாள்.

சாயங்காலம் இருவரிடமும் என் டிக்கைப் பற்றிச் சொன்னேன். ‘கழுதை! சொந்த வீட்டுக்குப் போன் பண்ண உனக்கு என்னடி பயம்?’ என்றாள் அம்மா. அண்ணி சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மார்ச் 14, வெள்ளி

நீதிபதி அறிக்கை கொடுத்துவிட்டார். இருநூற்றுப் பதின்மூன்றும் உண்மை. ஒரு பெயர் மட்டும் முன்பே சரிபார்க்கப்படவில்லை என்று கடைசியில் ஒரு வரி. பத்திரிகை அந்த வரியையும் சேர்த்தே வெளியிடுகிறது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வேண்டியதுதான்.

அமைச்சர் இன்று பேட்டி எதுவும் கொடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

பல்லைப் பிடுங்கியாயிற்று.

மார்ச் 25, செவ்வாய்

சங்கத்தின் இரண்டாவது விளம்பரம். ஆயிரத்து நூறு பெயர்கள். எங்கள் வீட்டிலிருந்தே இரண்டு பெயர்கள் அதில் இருப்பதால் நான் இதைத் தொடக் கூடாது என்று அரைப்புள்ளி வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அம்மாவைக் கூப்பிட்டு முடிக்க அவளுக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

ஏப்ரல் 9, புதன்

அரசு பட்டியலை வெளியிட்டுவிட்டது. எங்கள் பத்திரிகையிலேயே, அரசு அறிவிப்பாக, முழுப்பக்கம். எதிரிப் படை பிடித்து வைத்திருப்பவர்கள் நானூற்று ஆறு பேர். மூன்றாவது பத்தியில் அண்ணன்.

மத்தியானமே பத்திரிகையோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா விரல் வைத்துப் படித்தாள். பெயர், ஊர், படை எண். விரலை எடுக்காமலே கேட்டாள்:

‘இதை யாராவது போன் பண்ணிச் சரிபார்த்தாங்களா?’

‘பண்ணிட்டேம்மா. போர்க்கைதிகள் அலுவலகத்துக்கு நானே பண்ணினேன். ரெண்டு தடவை.’

‘என்ன சொன்னாங்க?’

‘உயிரோட இருக்கான். வலது கையில காயமாம், ஆறிட்டு வருதாம். அதான் எழுத முடியல.’

அண்ணி அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் உட்கார்ந்தாள்.