என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய சாவிகள்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குச் சொல்லும்படி ஒன்றும் இல்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். நீ கேட்ட மாற்றுக் கண்ணாடி இந்தப் பார்சலில் இருக்கிறது, கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைத்தது அம்மாவின் யோசனை, காலுறையை உதறிப் போட்டுக் கண்ணாடியையும் உடைத்து வைக்காதே. உடைந்த கண்ணாடிக்கு டேப் ஒட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றுகிறவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். அந்த விடுதியில் படுக்கை விரிப்பெல்லாம் துவைத்துப் போட்டால் ஒரு மாதம் கட்டில் இலவசம் என்றாயே, இங்கே உன் தலையணை உறையை மாற்ற அம்மா எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பாள் என்று சொல்லிச் சிரித்தோம். அதிலும் ஒரு நல்லது, நீ ஓர் இடத்தில் தங்கியதால்தான் உனக்கு விலாசம் என்று ஒன்று வந்தது, எனக்கும் எழுத முடிந்தது.

போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நான் பட்டென்று பதில் சொன்னேன். அந்தப் பதில் பொய், சிட்டு. இதைப் படித்த பிறகு உன் அப்பாவைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பொய்யை உன்னிடம் விட்டுவைக்க மனம் வரவில்லை.

நீ அந்த மலையோர ஊரில் மழையில் போய் இறங்கிய கதையைச் சொன்னாய் அல்லவா. கையில் இருப்பதற்குத் தகுந்த மாதிரி ஒரு சின்ன லாட்ஜைக் கண்டுபிடித்துப் போனால், கவுண்டரில் இருந்தவன் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட யாரும் இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ரூம் இல்லை என்றான். நீ சிரித்துக்கொண்டே, “அவன் முதுகுக்குப் பின்னாடி சாவியெல்லாம் வரிசையாத் தொங்குதுப்பா, நீங்க சொல்லிக்குடுத்தபடியே பாத்தேன்” என்றாய். நான் சொல்லிக்கொடுத்ததுதான். நீ கிளம்புவதற்கு முன்னால் எத்தனை பாடம் எடுத்தேன், பணம் கொடுப்பதற்கு முன்னால் ரூமைப் பார், பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் தாழ்ப்பாளைப் போட்டுப் பார், தாழ்ப்பாள் ஆடினால் கைப்பிடிக்குக் கீழே நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படு, ஃபுல் என்று சொல்கிறவன் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னால் அவனுக்குப் பின்னால் இருக்கும் சாவிப் பலகையைப் பார். லாட்ஜ் கவுண்டரிலேயே தலை நரைத்த அப்பா இருப்பது எவ்வளவு வசதி என்று நீகூடக் கேலி செய்தாய். அன்றைக்கு ரயில் நிலையத்தில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததையும் வேடிக்கை மாதிரியே சொன்னாய். சொல்லிவிட்டு, “நீங்க யாருக்காச்சும் இப்படிச் சொல்லியிருக்கீங்களாப்பா?” என்று கேட்டாய். சேச்சே, நான் ஏம்மா சொல்றேன் என்றேன். வாய் கூசவில்லை. “தெரியும்ப்பா, சும்மாதான் கேட்டேன்” என்றாய். நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தத் ‘தெரியும்ப்பா’தான் என்னைச் சாப்பிடவிடவில்லை.

எங்கள் லாட்ஜில் தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் கிடையாது. எழுதி ஒட்டாத சட்டம் அது. முதலாளி நான் சேர்ந்த அன்றைக்கே சொன்னார், “எதுக்குய்யா வம்பு, ஃபுல்லுன்னு சொல்லி அனுப்பிடு”. நானும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தேன். சாவி வரிசையாகத் தொங்கும்போதும் சொன்னேன், பலகை தெரியாமலிருக்க அரை அடி நகர்ந்து நின்றுகொண்டு சொன்னேன், அது உடம்புக்கே பழகிப்போய்விட்டது. உனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? நீ புறப்படுவதற்கு முன்னால் நடந்த சண்டையில், “தனியாப் போற பொண்ணுக்கு எவன் ரூம் குடுப்பான்” என்று கத்தினேனே, உலகம் தெரிந்து கத்தினதாக நீ நினைத்திருப்பாய். என்னைத் தெரிந்துதான் கத்தினேன்.

இது மட்டுமென்றால் பிழைப்பு, முதலாளி சொன்னது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் நீ போன் செய்ததற்கு முந்தின வாரம் ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். அவளைவிட அவள் முதுகுப் பை பெரியது, ஷூவெல்லாம் சேறு, பையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. விளக்கு ஏற்றும் நேரம், வெளியே தூறல். “சின்ன ரூம் போதும் சார், காலைல முதல் பஸ்ஸுக்குப் போயிருவேன்” என்றாள். நான் என் அரை அடியை நகர்ந்துகொண்டு, ஃபுல்லும்மா என்றேன். அவள் கண் என் தோளுக்கு மேலே ஒரு தடவை போய்விட்டு வந்தது. அவளுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை, “சரிங்க சார், தேங்க்ஸ்” என்றாள். அதோடு விட்டேனா, பெரிய மனுஷன் மாதிரி, அடுத்த தெரு லாட்ஜில் கேட்டுப் பாரு என்று வழிவேறு காட்டினேன். அங்கேயும் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்னை நிறுத்தி, “நேத்து உங்க லாட்ஜுல அவ்ளோ கூட்டமா? ஒரு புள்ள நனைஞ்சுபோய் வந்து பெஞ்சுல உக்காந்துச்சு, விட்டுட்டுப் போக மனசு வரல, பஸ் வர்ற வரைக்கும் நானும் கூடவே இருந்துட்டேன்” என்றாள். ஆமாக்கா, நல்ல கூட்டம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அதோடு மறந்தும் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீ போன் செய்யும்வரை எனக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நீ போனை வைத்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, “நம்ம பொண்ணு அங்க போக்கிடமில்லாம உக்காந்திருந்தா, நீங்க இங்க இன்னொருத்தர் பொண்ணை அதே மாதிரி உக்காரவச்சீங்களா?” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காபி மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை.

திங்கட்கிழமையே முதலாளியிடம் போய், இனிமேல் ரூம் இருக்கும்போது இல்லை என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். அவர் பல் குத்திக்கொண்டே, “உன் பொண்ணு ஊர் சுத்தக் கிளம்பினாலும் கிளம்பினா, உனக்கு என் லாட்ஜ் சத்திரமாத் தெரியுதா?” என்றார். நீ கற்பனை செய்வதுபோல் நான் மேஜையைத் தட்டவெல்லாம் இல்லை, கைகட்டிக்கொண்டுதான் நின்றேன், ஆனால் சொன்னதையே திரும்பச் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. சாயங்கால கவுண்டருக்குத் தன் மச்சானை உட்காரவைத்துவிட்டு என்னைக் காலைக்கு மாற்றிவிட்டார். காலையில் யார் ரூம் கேட்டு வருகிறார்கள், காலி செய்கிறவர்களிடம் சாவி வாங்கி மாட்டுவதுதான் வேலை. ஆக, அங்கே இன்னும் ஃபுல் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், என் வாய்க்குப் பதில் மச்சான் வாய். வேலையைத் தூக்கி எறிந்திருக்கலாம்தான். அம்மாவின் முழங்கால், வீட்டு வாடகை என்று யோசித்துப் பின்வாங்கிவிட்டேன். உன் அப்பா அவ்வளவு தைரியசாலி இல்லை.

பிறகு உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அந்தக் கழிப்பறை அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன், இனி எந்தப் பெண்ணாவது அப்படி வந்து உட்கார்ந்தால் நம் வீட்டுக்கு அனுப்பு என்றேன். உன் அறை சும்மாதானே கிடக்கிறது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசி, அறையைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள். வியாழக்கிழமை நர்ஸ் வேலை இண்டர்வியூவுக்கு வந்த ஒரு பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா அவளுக்குச் சாப்பாடு போட்டு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், தலைக்கு என்ன எண்ணெய் என்று குடைந்து எடுத்துவிட்டாள், இண்டர்வியூவிலேயே அவ்வளவு கேள்வி வந்திருக்காது. விஷயம் தெரிந்து உன் அத்தை வந்து, பொண்ணு வீட்டை விட்டுப் போனதும் அண்ணன் வீட்டை லாட்ஜ் ஆக்கிட்டாரு என்று நொடித்துவிட்டுப் போனாள். போகட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பெண் உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தின பிறகு உள்ளே ஒரு சத்தம் கேட்டது. உன் மேஜை நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற சத்தம். உன் அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, சிட்டு. நீ பத்தாவது படிக்கும்போது கேட்டாய், சொந்த வீட்டுல எதுக்குத் தாழ்ப்பாள், எங்ககிட்ட என்ன மறைக்கப் போற என்று உன் வாயை அடைத்தேன். ஊரில் உள்ள தாழ்ப்பாளையெல்லாம் ஆட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன், உன் கதவைப் பார்க்கவில்லை. நீயும் இப்படி நாற்காலியை இழுத்ததுண்டா? இருந்தால் சொல், இல்லையென்றாலும் சொல். மறுநாளே நல்ல கனமான தாழ்ப்பாளாக வாங்கி நானே திருகி மாட்டிவிட்டேன், கொஞ்சம் கோணல், ஆனால் ஆடாது. உன் அறையை இப்படி வருகிறவர்களுக்குக் கொடுப்பது பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், நிறுத்திவிடுகிறேன், உன் புத்தகங்களை யாரும் தொடவில்லை.

நல்லபடியாகச் சுற்று, எல்லாவற்றையும் பார், நடு வழியில் திரும்பி வா என்று நானோ அம்மாவோ சொல்லப்போவதில்லை. மலிவு என்று காய்ந்த ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. ஃபுல் என்று யாராவது சொன்னால், சாவி தொங்குவதைப் பார்த்தால், சரி என்று திரும்பிவிடாமல் இன்னொரு தடவை கேள். அந்தப் பெண் இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் கொடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. போகிற இடமெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும், நீ தீர்க்காயுசாக, யாருக்கும் பயப்படாதவளாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும்.

மறக்காமல் ஒன்று செய். இந்தப் பார்சல் வந்து சேர்ந்ததும் போன் செய்து, அன்றைக்குக் கேட்ட கேள்வியையே மறுபடியும் கேள். அதான் எழுதிட்டாரே, பாவம் என்று விட்டுவிடாதே. எனக்கு அதை வாயால் சொல்ல வேண்டும்.

உன் போனுக்காகப் பயந்துகொண்டே காத்திருக்கும்,
அப்பா