மதியத்தில் வெளுக்கும் கவசம்

12-5-81, செவ்வாய்

பக்கத்து வார்ப்பட ஆலையில் உலையருகே வேலை செய்யும் ஏழுமலை, நாங்கள் செய்துகொடுத்த, கண்ணாடிபோல் தெளிந்த முகக் கவசத்தோடு வந்தான்.

“காலைல சோக்கா கீது சார். மத்தியானம் உலையாண்ட நின்னா பால் ஊத்தினா மாரி ஆயிடுது. மேல தூக்கிக்கினுதான் வேலை பாக்குறேன்.”

வெயிலில் வைத்தேன். வெளுத்தது. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பிளாஸ்டிக் அதில் இருக்கிறது. இரண்டிலும் ஒளி ஒரே அளவு வளைவதால்தான் தெளிவு. சூட்டில் அந்த அளவு ஒவ்வொன்றிலும் வேறுவேறாக மாறுமென்று, குளிர்ந்த அறையில் சோதித்த எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் மேலாளரின் ஏ.சி. அறைக்குக் கொண்டுபோவதற்குள் ஆறித் தெளிந்துவிட்டது.

“எங்க சார் வெள்ளை? முதல்ல உங்க கண்ணைக் காட்டுங்க, வயசாகுதில்ல” என்று சிரித்தார்.

“இருக்கலாம் சார்” என்றேன். கவசத்தை ஏழுமலையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது வீட்டில் கரண்ட் இல்லை. கவசம் செய்ததில் மிஞ்சிய துண்டொன்றை அரிக்கேன் விளக்கருகே பிடித்தேன். வெளுத்தது. கண்ணில் கோளாறில்லை.

நாளையும் அவன் முகத்தைத் திறந்துகொண்டுதான் உலை முன் நிற்பான். மதியம் மேலாளரை அங்கே அழைத்துப் போக வேண்டும். எப்படிக் கேட்பதென்று எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் “மன்னிக்கணும் சார்” என்றே தொடங்குகிறது.